இயக்கம் தந்ததும் அன்னையர் தந்ததும்: அலிஸ் வாக்கரின் முதற்கட்டுரை பற்றிய ஒரு திறனாய்வு

முன்னுரை

ஒரு மக்கள் இயக்கம் ஓய்ந்த பின்னர், அன்றி ஓய்ந்துவிட்டது எனப் பிறர் கூறத் தொடங்கிய பின்னர், அதனால் விளைந்த பயன் யாது என்னும் வினா எழுவது இயல்பு. வரலாற்றாசிரியர் இவ்வினாவிற்கு ஒருவகையில் விடையிறுப்பர். சட்ட அறிஞர் வேறொரு வகையில் விடையிறுப்பர். அவ்வியக்கத்தின் நடுவே வளர்ந்து ஆளான இளைஞர் ஒருவர் விடையிறுக்கும்பொழுது, அவ்விடை தன்வரலாறாகவும் வாதமாகவும் ஒருசேர அமைந்துவிடுகின்றது. அவ்வகையில் அமைந்த எழுத்துகளுள் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலிஸ் வாக்கர் எழுதிய முதற்கட்டுரை குறிப்பிடத்தக்கது. குடிமை உரிமை இயக்கத்தால் விளைந்த நன்மை யாது என்னும் வினாவையே அது தலைப்பாகக் கொண்டது. 1966–67ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தமது இருபத்து மூன்றாம் பிறந்தநாளை ஒட்டிய காலத்தில் வாக்கர் அதனை எழுதினார். 'தி அமெரிக்கன் ஸ்காலர்' என்னும் இதழ் நடத்திய கட்டுரைப் போட்டியில் அது முதற்பரிசாகிய 300 டாலரைப் பெற்று, 1967இல் அவ்விதழில் வெளிவந்தது. பின்னர் 1983இல் 'நம் அன்னையரின் தோட்டங்களைத் தேடி' எனப் பொருள்படும் பெயர்கொண்ட அவரது கட்டுரைத் தொகுப்பில் இடம்பெற்றது.

ஒப்பிலக்கிய வகுப்பில் இக்கட்டுரையை மாணவர்களோடு படித்தபொழுது எழுந்த வினா ஒன்றே இத்திறனாய்வுக்குத் தோற்றுவாய். கட்டுரையில் தம் தாயை வாக்கர் சித்திரிக்கும் பகுதியை வாசித்து முடித்ததும், மாணவி ஒருவர், "அந்தத் தாய்க்குத் தம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று மகள் எவ்வாறு முடிவு செய்தார்?" எனக் கேட்டார். அம்மாணவியின் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வகுப்பில் அன்று தக்க விடை கூற இயலவில்லை. வாக்கர் பிற்காலத்தில் எழுதியவற்றோடு இம்முதற்கட்டுரையை ஒப்புநோக்கி அவ்வினாவிற்கு விடை காண இக்கட்டுரை முனைகின்றது.

காலப் பின்னணி

வாக்கர் 1944ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்து ஈட்டன்டன் என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத குடும்பத்தில் எட்டாவது குழந்தையாகப் பிறந்தவர். பள்ளிகளில் நிலவிய இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தபொழுது அவருக்கு வயது பத்து. 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள்கள் நீடித்த மாண்ட்கோமரிப் பேருந்துப் புறக்கணிப்பும், 1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோ நகர உணவகத்தில் நான்கு மாணவர்கள் தொடங்கிய உள்ளிருப்புப் போராட்டமும் அவரது வளர்பருவத்து நிகழ்ச்சிகள். 1961இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் சேர்ந்த அவர் மாணவர் போராட்டங்களில் பங்குகொண்டார்.

1964இல் குடிமை உரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. ஆயினும் வாக்குரிமைச் சட்டம் கையொப்பமான சில நாள்களிலேயே லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் மூண்டு 34 பேர் மாண்டனர். 1966 ஜூனில் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டோக்லி கார்மைக்கேல் 'கறுப்பு ஆற்றல்' என்னும் முழக்கத்தை எழுப்பினார். அறப்போராட்ட வழி முடிந்துவிட்டது, இயக்கம் இறந்துவிட்டது என்னும் பேச்சு இதழ்களிலும் விருந்துக் கூடங்களிலும் பரவியது. இச்சூழலில்தான் வாக்கரின் கட்டுரை எழுந்தது. ஆகவே அதனை ஒரு நினைவேந்தலாகக் கொள்ளாமல், இறப்புச் செய்தியை மறுக்கும் எழுத்தாகக் கொண்டு வாசிப்பதே பொருத்தமுடையது.

கட்டுரையின் வாதம்

மிசிசிப்பியைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவரோடு கட்டுரை தொடங்குகின்றது. காவலர்களால் கால் சிதைக்கப்பட்ட அவரிடம் ஒருவர் இயக்கம் இறந்துவிட்டதே என்கிறார். இறந்ததாயினும் அது படுத்துவிடுவதாக இல்லை என்னும் பொருள்பட நகையாடிவிட்டு, அம்மூதாட்டி கைத்தடியை ஊன்றியவாறு அகன்றுவிடுகிறார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து வாக்கர் தம் முதல் வாதத்தை எடுக்கிறார். இயக்கம் இறந்தது எனக் கூறுவோர் பெரும்பாலும் வெள்ளையர். அவர்களால் அதன்மீதுள்ள ஆர்வத்தை நினைத்தபொழுது நிறுத்திக்கொள்ள இயலும். கறுப்பினத்தார்க்கு அவ்வாய்ப்பு இல்லை. தம் தோலின் நிறம் உள்ளளவும் அவர்களுக்கு அது முடிந்த கதையாகாது.

இரண்டாம் வாதம் அறிதல் பற்றியது. கட்டுரையின் உயிர்நிலை இதுவே. தன் நிலையை அறியாத மனிதன் வாழ்வதில்லை, பிறரைப் பார்த்து நடிக்கின்றான் என்பது வாக்கரின் துணிபு. விடுதலை இயக்கம் தமக்குத் தந்தது தம் நிலை பற்றிய அறிவு மட்டுமே என்றாலும், அறியாமையிலும் நம்பிக்கையின்மையிலும் கிடப்பதைவிட அது மேலானது என்கிறார். அவ்வறிவு வந்த வாயிலையும் அவர் சுட்டுகிறார். வீட்டில் புதிதாக வந்த தொலைக்காட்சிப் பெட்டியில் அவர் முதன்முதலாகக் கண்ட கறுப்பு முகம் மார்ட்டின் லூதர் கிங்கின் முகம். கிங் விலங்கிடப்பட்டுக் காவல் வண்டியில் ஏற்றப்படுகிறார். ஆயினும் அவர் முகத்தில் அச்சமில்லை. அக்காட்சி தம்மை வாழ்வுக்கு அழைத்ததாக வாக்கர் உணர்கிறார்.

மூன்றாம் வாதம் எதிர்வாதத்திற்கு மறுப்பாக அமைகின்றது. உரிமை பெற்ற கறுப்பினத்தார் நல்ல வேலையும் வீடும் தேடி, மற்றவர்களைப் போலவே பொருட்பற்றில் மூழ்கிவிடுவர் என அக்காலத்து ஹிப்பிகளும் தாராளச் சிந்தனையாளர் சிலரும் குறைகூறினர். ஒன்றை வேண்டாமென ஒதுக்குவதற்கு முதலில் அது கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும் என்பது வாக்கரின் மறுமொழி. வசதியைத் துறந்தவனின் வறுமையும் வசதியே அறியாதவனின் வறுமையும் ஒன்றல்ல. தேர்ந்துகொள்ளும் உரிமையையே இயக்கம் தந்தது என அவர் நிறுவுகிறார்.

இளிவரலும் பெருமிதமும்

இக்கட்டுரையின் உணர்வோட்டத்தைத் தமிழ் மரபில் பயின்ற வாசகர்க்கு விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைசெய்கின்றது. செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தை அயல்மொழி உரைநடைக்கு ஏற்றுவது பொருந்துமோ என்னும் ஐயம் எழலாம். ஆயினும் மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வது புறத்தே புலப்படும் முறை பற்றியதாகலின், இவண் அதனைக் கருவியாகக் கொள்வதில் தவறில்லை.

இளிவரல் முதுமை, நோய், வருத்தம், எளிமை ஆகிய நான்கின் அடியாகப் பிறக்கும் என்பர். பெருமிதத்திற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், ஈகை என்பன. வாக்கரின் கட்டுரை முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கிச் செல்லும் பயணம் எனலாம். பெருமிதத்தின் நிலைக்களன்களுள் கல்வி முதலில் வைக்கப்பட்டிருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது. பிறர் சிறுமைப்படுத்தியதால் தன்னையே சிறுமையாக எண்ணிய உள்ளம் அறிவினால் நிமிர்கின்றது என்பதே வாக்கரின் கருத்தும்.

அறிவு பிறந்த அப்பொழுதே அஞ்சாமையும் பிறந்துவிடுவதில்லை என்பதை வாக்கர் 1973இல் எழுதிய மற்றொரு கட்டுரை காட்டுகின்றது. கல்லூரிக்குச் செல்லப் பேருந்தில் ஏறிய அவர் முன்னிருக்கையில் அமர்ந்தார். வெள்ளைப் பெண் ஒருவர் முறையிட, ஓட்டுநர் அவரைப் பின்னால் போகச் சொன்னார், அவரும் போனார். கிங்கின் முகத்தைத் தொலைக்காட்சியில் கண்ட பெண்தான் அவர். எனினும் அன்று அவரால் எழுந்து செல்லத்தான் முடிந்தது. எழுந்து சென்ற அச்சில நொடிகளே தம்மை மாற்றிவிட்டன என்கிறார். 1967ஆம் ஆண்டுக் கட்டுரையில் இந்நிகழ்ச்சிக்கு இடமில்லை. இயக்கத்திற்காக வழக்காடும் இளம் எழுத்தாளர் தம் தோல்வியைச் சொல்லத் தயங்கியிருக்கலாம். அதனைச் சேர்த்திருப்பின் அறிவுக்கும் அஞ்சாமைக்கும் இடையிலுள்ள தொலைவு வாசகர்க்குப் புலனாகியிருக்கும், வாதமும் வலுப்பெற்றிருக்கும்.

தாயின் சித்திரம்

கட்டுரையின் மிகக் கூர்மையான பகுதியும் மிக ஐயத்திற்குரிய பகுதியும் ஒன்றே. வாக்கரின் தாயார் வெள்ளையர் வீடுகளில் பணிப்பெண்ணாக உழைத்தவர். செல்வக் குடும்பங்களின் கதையைச் சொல்லும் தொலைக்காட்சித் தொடர்களை அவர் ஆழ்ந்து காண்பார். பொன்னிறக் கூந்தலும் மெல்லிய உடலும் கொண்ட பெண்ணாகத் தம்மைக் கற்பித்துக்கொள்வார். பிறகு திரும்பிக் கணவரைப் பார்ப்பார்; திகைத்துப்போய் அடுக்களைக்குச் செல்வார். அந்த மக்கள் இயல்பாகவே தம்மினும் அறிவும் அழகும் உடையவர்கள் இல்லையா என மகளிடம் ஒருமுறை கேட்கவும் செய்கிறார். எட்டுப் பிள்ளைகளை வளர்த்த பெருந்தகை எனத் தாயைப் போற்றும் வாக்கர், அத்தாய் தாம் இருப்பதாகவே உணராதவர் என முடிவுகட்டுகிறார்.

இளிவரல் தன்கண் தோன்றுவதும் உண்டு, பிறன்கண் தோன்றுவதும் உண்டு என உரையாசிரியர் பேராசிரியர் பகுத்து நோக்குவார். அப்பகுப்பு இங்குப் பெரிதும் உதவுகின்றது. தாயின் முகத்தில் தாம் கண்ட திகைப்பை வாக்கர் தாயின் இளிவரலாகவே எழுதுகிறார். அதனுள் தாயைக் கண்ட மகளின் இளிவரல் எவ்வளவு கலந்துள்ளது என்பதை அவர் பிரித்துப் பார்க்கவில்லை. மேலே குறித்த மாணவியின் வினா தொட்டது இவ்விடத்தையே.

இதற்கு விடை வாக்கரின் பிற்கால எழுத்துகளிலேயே கிடைக்கின்றது. 1970இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், பொருளாதாரப் பெருமந்தக் காலத்துத் தாயின் அனுபவம் ஒன்றை அவர் எடுத்துரைக்கிறார். வடபகுதி உறவினர் அனுப்பிய நல்ல உடையை அணிந்து இலவச மாவு வாங்கச் சென்ற தாயை, அவ்வுடையைக் கண்டு சினந்த வெள்ளைப் பெண் ஒருவர் வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார். அண்டை அயலாரோடு உள்ளதைப் பகிர்ந்துகொண்டு குடும்பம் பிழைக்கின்றது. அதே பெண் முதுமையில் தளர்ந்து தடியூன்றி நடந்ததையும் தாய் நகைச்சுவை கலந்து சொல்லி வந்தார். தம் நிலை இன்னதென அறியாத ஒருவரால் இக்கதையை இவ்வாறு சொல்ல இயலாது.

1974இல் எழுதிய, தொகுப்பின் பெயருக்கு மூலமான கட்டுரை இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. வயலில் உழைத்து, குடும்பத்தாரின் உடைகளையெல்லாம் தைத்து, அதன்பின்னும் ஐம்பதுக்கு மேற்பட்ட செடிவகைகள் கொண்ட தோட்டங்களைத் தாய் வளர்த்ததை அது விரித்துரைக்கின்றது. அத்தோட்டம் தாயின் கலை என்பதை மகள் அப்பொழுதுதான் கண்டுகொள்கிறார். அக்கட்டுரையில் போகிற போக்கில் வரும் செய்தி ஒன்று நம் நோக்கில் முதன்மையானது. தாய் கடுஞ்சினம் கொள்வது ஆண்டில் சில முறையே. பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பு வேண்டியதில்லை என்று சொன்ன வெள்ளை நிலக்கிழாரோடு மோதிய வேளைகளே அவை.

இச்செய்தியை 1967ஆம் ஆண்டுக் கட்டுரையோடு சேர்த்து வைத்தால் அதன் அடித்தளமே மாறுகின்றது. மகளுக்குப் பெருமிதம் தந்த கல்வி, தாய் நிலக்கிழாரோடு போராடிப் பெற்ற கல்வி. கிங்கின் முகம் தோன்றிய தொலைக்காட்சிப் பெட்டியையும் தாயே வாங்கினார் என வாக்கர் பின்னர்க் குறிப்பிட்டுள்ளார். தொடர்கள் ஓடியதும் கிங் தோன்றியதும் அதே திரையில்தான். பணிப்பெண் ஊதியத்திலிருந்து தாய் மகளுக்குத் தையல் பொறியும் பயணப்பெட்டியும் தட்டச்சுப் பொறியும் வாங்கித் தந்ததையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் பிள்ளை தம் காலில் நிற்கவும், ஊரை விட்டுச் செல்லவும், எழுதவும் வேண்டும் எனக் கருதிய ஒருவரின் தெரிவு அது. தம் இருப்பை உணராதவராக அத்தாயைக் கொள்ள இவை இடந்தரவில்லை.

எனவே அறிவு இயக்கத்தோடுதான் பிறந்தது என்னும் முதற்கட்டுரையின் எண்ணம் திருத்தத்திற்குரியது. அறிவு முன்தலைமுறையிடமும் இருந்தது. அதனை வெளிப்படையாகச் சொல்லும் இடமும், சொன்னால் உயிரோடிருக்கலாம் என்னும் பாதுகாப்புமே இல்லாதிருந்தன. இயக்கம் தந்தது அவ்விடத்தை எனக் கொள்வதே பொருத்தம்.

இதனோடு இயைந்த மற்றொரு குறையும் உண்டு. முதிய பெண்ணொருவரின் உறுதியோடு தொடங்கும் கட்டுரை, இயக்கம் தந்த கொடைகளை அடுக்கிக்கூறும் இறுதிப் பகுதியில் சிறுவர்கள் பின்பற்றத்தக்க வீர ஆடவர்களையே எடுத்துக்காட்டாக நிறுத்துகின்றது. சிறுமியர் யாரைப் பின்பற்றுவது என்னும் வினா அங்கு எழுப்பப்படவில்லை. அக்காலத்துப் பொதுவழக்கு வாக்கரையும் ஆட்கொண்டிருந்தது. 1976இல் வெளிவந்த 'மெரிடியன்' என்னும் நாவலில், இயக்கத் தோழர்கள் கலைந்துபோன பின்னரும் தென்பகுதி ஊர்களில் தங்கிப் பணியாற்றும் இளம்பெண் ஒருவரைத் தலைமை மாந்தராக்கி அவர் அக்குறையை நிறைவுசெய்தார்.

சட்டம் பற்றிய மௌனம்

கட்டுரையில் சட்டங்களைப் பற்றிய பேச்சு அரிது, புள்ளிவிவரம் ஏதுமில்லை. மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிவுபெற்ற கறுப்பினத்தார் வாக்குரிமைச் சட்டத்திற்கு முன்னர் 6.7 விழுக்காட்டினர், 1967இல் அது 59.8 விழுக்காடாக உயர்ந்தது. கட்டுரை வெளிவந்த அதே ஆண்டின் நிலை இது. வாக்கர் இதனை அறியாதவர் அல்லர். 1965இல் ஜார்ஜியாவில் வாக்காளர் பதிவுப் பணியில் ஈடுபட்டவர். 1966 கோடையில் மிசிசிப்பியிலும் பணியாற்றியவர். அறிந்தும் விடுத்தார் எனின், பயனை எண்ணிக்கையால் அளப்போரின் அளவுகோலை அவர் ஏற்க விரும்பவில்லை என்றே கொள்ளல் வேண்டும்.

இத்தெரிவில் வலிமையும் உண்டு, குறையும் உண்டு. வலிமையைப் பிற்கால வரலாறு மெய்ப்பித்தது. 2013 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாக்குரிமைச் சட்டத்தின்படி எந்தெந்த மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் நடுவண் அரசின் ஒப்புதலைப் பெறவேண்டும் என வரையறுத்த பிரிவைச் செல்லாததாக்கியது. போராடிப் பெற்ற சட்டமும் வலுவிழக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. சட்டம் தளரும்பொழுது எஞ்சுவது மக்களின் விழிப்புணர்வே என்னும் நோக்கில் வாக்கரின் அளவுகோல் இன்றும் பொருளுடையது.

ஆயினும் சட்டமின்றி அவரது இல்லறமே நிலைத்திருக்க இயலாது. 1967 மார்ச்சில் அவர் வெள்ளை இனத்து யூத வழக்கறிஞர் மெல்வின் லெவந்தாலை நியூயார்க்கில் மணந்து, பின்னர் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் குடியேறினார். அத்தகைய திருமணம் அம்மாநிலச் சட்டப்படி குற்றம். இனம் கடந்த திருமணத்தைத் தடைசெய்யும் சட்டங்கள் செல்லா என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967 ஜூன் 12 அன்றுதான். லெவந்தால் அங்கு ஆற்றிய பணியும் குடிமை உரிமை வழக்குகளை நடத்துவதே. விழிப்புற்ற உள்ளம் சட்டத்தைக் கொணர்கின்றது. அச்சட்டம் அவ்வுள்ளம் வாழ இடம் தருகின்றது. இவ்விரண்டில் முதற்பாதியை மட்டுமே இளம் வாக்கர் எழுதினார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. இயக்கத்தின் பயனைத் தனிமனித உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றத்தால் அளந்தது வாக்கரின் முதற்கட்டுரையின் தனிச்சிறப்பு. முன்தலைமுறையின் அறிவைக் காணத் தவறியதும், ஆடவரையே வீரராகக் கண்டதும், சட்டத்தின் பங்கைச் சொல்லாது விட்டதும் அதன் குறைகள். இவற்றுள் முதலிரு குறைகளையும் அவரே அடுத்த பத்தாண்டுகளுக்குள் எழுத்தால் திருத்திக்கொண்டார். 1983இல் தொகுப்பு வெளிவந்தபொழுது பழைய கட்டுரையை விலக்காமல் பிந்திய கட்டுரைகளோடு ஒரே நூலில் சேர்த்தமை அவரது நேர்மைக்குச் சான்று. வாசகர் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துத் தாமே ஒப்பிட்டுக்கொள்ள இயலுகின்றது.

ஆசிரியர்களுக்கு இதில் பயனுள்ள செய்தி ஒன்றுண்டு. இயக்கங்களின் பயன் பற்றிக் கட்டுரை எழுதப் பணிக்கும்பொழுது, பெற்ற நன்மைகளைப் பட்டியலிடுமாறு மாணவர்களைப் பழக்குகிறோம். அப்பட்டியலோடு, இந்நன்மையை நான் பெறுவதற்கு என் வீட்டில் எனக்கு முன்னிருந்தவர் என்ன செய்தார் என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்கச் செய்யலாம். வாக்கர் அவ்வினாவைக் கேட்க 1974 வரை காத்திருக்க நேர்ந்தது. எம் வகுப்பு மாணவி அதனை முதல் வாசிப்பிலேயே கேட்டார். பால்மரத் தோட்டத்துப் பாட்டியிடம் வளர்ந்தவர்க்கு அவ்வினா எளிதில் தோன்றியிருக்கலாம். அவருக்கு அன்று சொல்ல இயலாத விடை, தாய் அறிந்தே இருந்தார், மகள் அதனை அறியச் சில ஆண்டுகள் ஆயின என்பதே.